மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ்: லிங்க் செய்த டேபிள்களைக் கோடு (விபிஏ நிரல்) மூலம் தனி ஆஃப்லைன் டேட்டாபேஸாக மாற்றுவது எப்படி?

படிவம்7 (கேள்வி)

ஆக்ஸஸ் 2016. ஃபிரண்ட்-எண்ட் (ஃபாரம், குவெரி உள்ள ஃபைல்) ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது, பேக்-எண்ட் (டேபிள்கள் உள்ள ஃபைல், ஆக்ஸஸின் ஏசிசிடிபி வடிவம்) சர்வர் ஃபோல்டரில். மொத்தம் 41 லிங்க் டேபிள். அதில் 39 அந்த பேக்-எண்டிலிருந்து வருகின்றன, 2 மட்டும் எஸ்கியூஎல் சர்வரிலிருந்து ஓடிபிசி (வேறு டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் முறை) வழியாக வருகின்றன. பேக்-எண்ட் அளவு சுமார் 600 எம்பி.

களப்பணிக்குப் போகிறவர்கள் நெட்வொர்க் இல்லாத இடத்தில் லேப்டாப்பில் தகவலைப் பார்க்க வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லா டேபிளும் அடங்கிய தனி ஃபைல் உருவாக வேண்டும். இதுவரை செய்து பார்த்தவை:

1. டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் கட்டளையில் எக்ஸ்போர்ட். புது ஃபைலில் டேபிள் பெயர்கள் எல்லாம் வந்தன. நெட்வொர்க் கேபிளைக் கழற்றியதும் ஒன்றும் திறக்கவில்லை.

2. 'செலக்ட் ஸ்டார் இன்டு … இன்' குவெரி. தரவு வந்தது, ஆனால் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்ட்), இன்டெக்ஸ், டிஃபால்ட் மதிப்பு எதுவும் வரவில்லை. இரண்டு டேபிளை இணைக்கும் ஃபாரம்களில் எடிட் செய்ய முடியவில்லை.

சரியான வழி என்ன? எஸ்கியூஎல் சர்வர் டேபிள் இரண்டுக்கும் வேறு வழி தேவையா?

(கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பதிலும் அப்படியே இருந்தால் தேடுகிறவர்களுக்கு வசதி.)

சாவித்துளை

உங்கள் இரண்டு முயற்சியும் ஆக்ஸஸ் விதிப்படிதான் நடந்திருக்கின்றன. லிங்க் டேபிள் என்பது வெறும் கைகாட்டி மரம். அதை எக்ஸ்போர்ட் செய்தால் கைகாட்டிதான் போகும், ஊர் போகாது. 'செலக்ட் இன்டு' நேர் எதிர்: சரக்கை மட்டும் அள்ளிப் போடும், பாத்திரத்தை எடுத்துவராது. பிரைமரி கீ இல்லாத டேபிள்களை இணைத்த குவெரியில் எந்த வரியை மாற்றுவதென்று இன்ஜினுக்குத் தெரியாது. அதனால்தான் ஃபாரம் பூட்டிக்கொண்டது.

39 ஆக்ஸஸ் டேபிளுக்கும் வழி: லிங்கைத் தொடாதீர்கள். லிங்க் எந்த ஃபைலைக் காட்டுகிறதோ அந்த மூல ஃபைலிலிருந்து நேரடியாக இம்போர்ட் செய்யுங்கள். ஆனால் டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸின் இம்போர்ட், கோடு ஓடுகிற டேட்டாபேஸுக்குள்தான் கொண்டுவரும். ஆஃப்லைன் ஃபைலுக்குள் போக வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு ஆக்ஸஸைக் கோடு மூலம் திறந்து, அதற்குள் ஆஃப்லைன் ஃபைலைத் திறந்து, அந்த ஆக்ஸஸிடம் இம்போர்ட் செய்யச் சொல்ல வேண்டும்.

முதலில் டிபிஎன்ஜின்.கிரியேட்டேட்டாபேஸ் மூலம் காலி ஆஃப்லைன் ஃபைலை உருவாக்குங்கள். மூன்றாவது இடத்தில் டிபிவெர்ஷன்120 கொடுத்தால் ஏசிசிடிபி வடிவம் வரும். அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் பிழை 3204 வரும், ஆகவே பழையதை முதலில் அழித்துவிடுங்கள். உருவாக்கியதும் அந்த ஆப்ஜெக்டை குளோஸ் செய்துவிடுங்கள். மறந்தால் அடுத்த அடியில் ஃபைல் பூட்டியிருக்கிறது என்று முறைக்கும். ஃபைலை லேப்டாப்பின் சொந்த டிஸ்கிலேயே உருவாக்குங்கள், நெட்வொர்க் ஃபோல்டரிலோ ஒன்டிரைவ் ஃபோல்டரிலோ வேண்டாம்.

அடுத்து டேபிள்டெஃப்ஸ் (டேபிள்களின் பட்டியல்) மேல் ஒரு சுற்று (லூப்). 'கரன்ட்டிபி.டேபிள்டெஃப்ஸ்' என்று நேரடியாகச் சுற்றினால் பிழை 3420 வரலாம், ஏனென்றால் கரன்ட்டிபி ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்டைத் தருகிறது, பழையது காற்றில் போய்விடும். 'செட் டிபி = கரன்ட்டிபி' என்று ஒரு மாறியில் பிடித்துவைத்து அதன் மேல் சுற்றுங்கள். பெயர் 'எம்சிஸ்' என்றோ அலைக்குறியிலோ தொடங்கினால் விட்டுவிடுங்கள். கனெக்ட் (லிங்க் எங்கே போகிறது என்று சொல்லும் வரி) காலியாக இருந்தால் அது லிங்க் அல்ல.

பெரும்பாலோர் வழுக்குவது கனெக்ட் வரியைப் பிரிக்கும் இடத்தில். 'டேட்டாபேஸ்=' என்ற சொல்லைத் தேடி அதற்குப் பின்னால் இருப்பதைப் பாதை என்று எடுத்துக்கொள்வார்கள். ஓடிபிசி வரியிலும் அதே சொல் உண்டு, அங்கே அது எஸ்கியூஎல் சர்வரில் உள்ள டேட்டாபேஸின் பெயர். எக்ஸெல் லிங்கிலும் உண்டு. ஆகவே வரியின் தொடக்கத்தை முதலில் பாருங்கள்: 'ஓடிபிசி;' என்றால் தனி வழி. 'எக்ஸெல்' என்றால் வேறு வழி. அரைப்புள்ளியிலோ 'எம்எஸ் ஆக்ஸஸ்;' என்றோ தொடங்கினால்தான் இம்போர்ட்.

இம்போர்ட்டுக்கு மூலப் பெயராக சோர்ஸ்டேபிள்நேம், இலக்குப் பெயராக லிங்கின் நேம். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பவேண்டாம். யாராவது என்றோ லிங்கின் பெயரை மாற்றியிருப்பார்கள்.

இப்படி வந்தால் பிரைமரி கீ, இன்டெக்ஸ், ஆட்டோநம்பர், வேலிடேஷன் விதி, கால்குலேட்டட் ஃபீல்ட், அட்டாச்மென்ட் எல்லாம் வரும். வராதது ரிலேஷன்ஷிப் மட்டும். அதை, எல்லா டேபிளும் வந்த பிறகு, பேக்-எண்டை ஓபன்டேட்டாபேஸில் படிக்க மட்டும் திறந்து, அதன் ரிலேஷன்ஸ் ஒவ்வொன்றையும் கிரியேட்ரிலேஷன் மூலம் ஆஃப்லைன் ஃபைலில் திரும்ப உருவாக்குங்கள். அட்ரிபியூட்ஸ் எண்ணையும் அப்படியே கொடுங்கள், கேஸ்கேட் அமைப்பு அதில்தான் இருக்கிறது.

வரிசை பற்றி: கிளை டேபிள்களை (ரசீது போல, வேறொரு டேபிளைச் சார்ந்தவை) முதலில், தாய் டேபிள்களை (வாடிக்கையாளர் போல) கடைசியில் கொண்டுவாருங்கள். வழக்கமாகச் சொல்லும் அறிவுரைக்கு இது தலைகீழ், தெரிந்துதான் சொல்கிறேன். நீங்கள் பிரதியெடுக்கும்போது மற்றவர்கள் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். தாய் முதலில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு சேர்ந்த வாடிக்கையாளரின் ரசீது கிளையில் வந்துவிடும், வாடிக்கையாளர் வரமாட்டார், ரிலேஷன் உருவாகாது. கிளை முதலில் வந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ரிலேஷன் இன்னும் போடாததால் தடையும் இல்லை. இடையில் யாராவது தாய்ப் பதிவை அழித்தால் மட்டும் மாட்டும். அதற்கு ஆள் இல்லாத நேரத்தில் ஓட்டுவதுதான் மருந்து.

கடைசியில் டிபிஎன்ஜின்.காம்பேக்ட்டேட்டாபேஸ் மூலம் ஃபைலைச் சுருக்குங்கள். ஏசிசிடிபி-யின் எல்லை 2 ஜிபி, உங்கள் 600 எம்பிக்கு ஆபத்தில்லை.

தறியடி

மேலே சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பேக்-எண்டுக்கு பாஸ்வேர்ட் இருந்தால் டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸில் அதைக் கொடுக்க இடமே இல்லை. இரண்டாவது ஆக்ஸஸின் டிபிஎன்ஜின் மூலம் பேக்-எண்டை பாஸ்வேர்டோடு ஓபன்டேட்டாபேஸ் செய்து, அதை மூடாமல் வைத்துக்கொண்டு இம்போர்ட் செய்தால் நடக்கும். லேப்டாப்பில் ஆக்ஸஸ் ரன்டைம் (ஃபைலை ஓட்ட மட்டும் உதவும் பதிப்பு) மட்டும் இருந்தால் இரண்டாவது ஆக்ஸஸைக் கோடு மூலம் உருவாக்கும் வித்தை வேலைசெய்யாது. முழு ஆக்ஸஸ் உள்ள கணினியில் ஃபைலைத் தயாரித்து லேப்டாப்புக்கு எடுத்துப் போங்கள்.

ஓடிபிசி டேபிள் இரண்டுக்கும் 'செலக்ட் இன்டு … இன்' போதும். ஆனால் அதற்கு முன் லிங்க் எந்த டிரைவரில் இருக்கிறது என்று கனெக்ட் வரியில் பாருங்கள். வெறும் 'எஸ்கியூஎல் சர்வர்' என்று இருந்தால் அது விண்டோஸோடு வரும் பழைய டிரைவர். அதற்கு டேட், டேட்டைம்2 வகைகள் தெரியாது, இரண்டையும் டெக்ஸ்டாகக் காட்டும். ஆஃப்லைன் ஃபைலிலும் டெக்ஸ்டாகவே விழும், பிறகு தேதிவாரியாக வடிகட்டும் ரிப்போர்ட் எல்லாம் தப்பாகும். 'ஓடிபிசி டிரைவர் 17' போட்டு லிங்கைப் புதுப்பித்த பிறகு பிரதியெடுங்கள்.

பிக்இன்ட் (பெரிய முழு எண்) ஃபீல்டும் இப்படித்தான். லார்ஜ் நம்பர் வசதி இல்லாத அல்லது அதை இயக்காத ஆக்ஸஸில் அது டெக்ஸ்டாக வரும். பிட் (ஆம்/இல்லை) ஃபீல்டில் நல் (மதிப்பே இல்லாத நிலை) இருந்தால் ஆக்ஸஸின் யெஸ்/நோ ஃபீல்ட் அதை ஏற்காது, 'நோ' ஆகிவிடும். 'பதில் தரவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் உங்களுக்கு வேறு வேறு என்றால் அந்த ஃபீல்டை முழு எண்ணாக மாற்றி எடுங்கள். ரோவெர்ஷன் ஃபீல்ட் (வரி மாறியதைக் குறிக்க சர்வர் வைக்கும் எண்) ஆஃப்லைனில் வெறும் சுமை, விட்டுவிடலாம். அதனால் ஸ்டார் போடாமல் ஃபீல்ட் பெயர்களைப் பட்டியலிடுவதே நல்லது.

பிரைமரி கீயை அதன்பின் ஆஃப்லைன் ஃபைலைத் திறந்து 'ஆல்ட்டர் டேபிள் … ஆட் கன்ஸ்ட்ரெய்ன்ட் … பிரைமரி கீ' என்று தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டே டேபிள்தானே, கையாலேயே எழுதிவிடலாம். எக்ஸிகியூட்டில் டிபிஃபெயில்ஆன்எரர் கட்டாயம். இல்லாவிட்டால் பாதி வரி விழுந்தாலும் சத்தமில்லாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும்.

ஃபைல் தயாரானதும் ஒரு சோதனை. ஆஃப்லைன் ஃபைலை ஓபன்டேட்டாபேஸில் திறந்து ஒவ்வொரு டேபிளின் ரெக்கார்ட்கவுன்ட்டைப் பாருங்கள். உள்ளூர் டேபிளுக்குச் சரியான எண்ணிக்கை வரும், லிங்க் டேபிளுக்கு -1 வரும். ஒரு -1 இருந்தாலும் பிரதி தோல்வி. மற்றவற்றை மூலத்தின் கவுன்ட்டோடு ஒப்பிட்டு ஒரு டேபிளில் பதிந்துவையுங்கள்.

படிவம்7

நன்றி. 39 டேபிளும் வந்துவிட்டன, ரிலேஷனும் ஏறிவிட்டது. மூன்று சந்தேகம்.

ஒன்று: ரசீது டேபிளில் எல்லா ஆண்டும் வேண்டாம், கடந்த 2 ஆண்டு போதும். ஸ்ட்ரக்சர்ஒன்லி கொடுத்து வெறும் அமைப்பைக் கொண்டுவந்து, 'இன்செர்ட் இன்டு' மூலம் நிரப்பினேன். சுமார் 2 லட்சம் வரி. பிழை 3052 வந்து நின்றுவிட்டது.

இரண்டு: சில டேபிள்களின் பெயர் தமிழில் இருக்கிறது, உதாரணம் 'கிராமம்'. கோடில் 'பெயர் கிராமம் என்றால் இதை விடு' என்று எழுதினால் எடிட்டரில் கேள்விக்குறியாக மாறிவிடுகிறது. இமிடியட் விண்டோவிலும் ???? தான்.

மூன்று: லேப்டாப்பில் ஃபிரண்ட்-எண்டை ஆஃப்லைன் ஃபைலுக்குத் திருப்பினேன். திறக்கும்போது அரை நிமிடம் தொங்குகிறது.

சாவித்துளை

3052 என்பது பூட்டு எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு ஃபைலுக்கு இயல்பாக 9,500 பூட்டுதான். இன்செர்ட்டுக்கு முன்னால் டிபிஎன்ஜின்.செட்ஆப்ஷன் டிபிமேக்ஸ்லாக்ஸ்பெர்ஃபைல், 200000 என்று ஒரு வரி. இது அந்த முறை ஆக்ஸஸ் திறந்திருக்கும் வரைதான் செல்லும், ரெஜிஸ்ட்ரியைத் தொடாது. ஆனால் எந்த ஆக்ஸஸ் இன்செர்ட்டை ஓட்டுகிறதோ அதன் டிபிஎன்ஜினில் போட வேண்டும். முதல் ஆக்ஸஸில் போட்டுவிட்டு இரண்டாவதில் இன்செர்ட் ஓட்டினால் பயனில்லை. 39 டேபிளையும் ஒரே பிகின்டிரான்ஸுக்குள் (ஒரே பரிவர்த்தனைக்குள்) அடைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள், டேபிளுக்கு ஒரு கமிட்.

அந்த ரசீது டேபிளில் அட்டாச்மென்ட் அல்லது மல்டி-வேல்யூ ஃபீல்ட் இருந்தால் 'இன்செர்ட் இன்டு' மறுத்துவிடும். அப்படியானால் முழுதாக இம்போர்ட் செய்து, ஆஃப்லைன் ஃபைலில் பழைய ஆண்டுகளை அழித்து, காம்பேக்ட் செய்வதே எளிது. இங்கே ஒரு எச்சரிக்கை: டிலீட் குவெரியை எந்த ஃபைலில் ஓட்டுகிறீர்கள் என்று இருமுறை பாருங்கள். லிங்கை அழித்தால் லிங்க் மட்டும் போகும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். லிங்க் டேபிளின் மேல் 'டிலீட் ஃப்ரம்' ஓட்டினால் சர்வரில் உள்ள உண்மைத் தரவு போய்விடும்.

அரை நிமிடத் தொங்கல் பெரும்பாலும் பாஸ்-த்ரூ குவெரிகளால் (நேரடியாக சர்வருக்கே அனுப்பப்படுபவை). டேபிள் லிங்கை எல்லாம் மாற்றியிருப்பீர்கள், குவெரிடெஃப்ஸிலும் (குவெரிகளின் பட்டியல்) 'ஓடிபிசி;' என்று தொடங்கும் கனெக்ட் இருக்கும். தொடக்க ஃபாரம் அதைக் கூப்பிட்டுவிட்டு டைம்அவுட் ஆகும்வரை காத்திருக்கும். அவற்றின் கனெக்ட்டைக் காலியாக்கி, எஸ்கியூஎல்லை ஆக்ஸஸ் நடைக்கு மாற்றுங்கள். பழைய ஓடிபிசி டேபிள் லிங்க் இரண்டையும் ரிஃப்ரெஷ்லிங்க் செய்து பார்க்க வேண்டாம், அழித்துவிட்டுப் புது டேபிள்டெஃப்பாகச் சேருங்கள். சுற்றிக்கொண்டே அழித்தால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். கவுன்ட் கழித்தல் 1-இலிருந்து 0 வரை பின்னோக்கிப் போங்கள்.

எழுத்தாணி

தமிழ்ப் பெயர் விஷயம்: கோளாறு டேட்டாபேஸில் இல்லை, எடிட்டரில். ஆக்ஸஸ் டேபிளும் டிஏஓவும் (கோடு டேபிளை அணுகும் நூலகம்) யூனிகோட். விபிஏ எடிட்டர் இன்னும் பழைய கோட்பேஜ் (மொழிக்கொரு எழுத்துப் பட்டியல்) காலத்தில் நிற்கிறது, தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜே கிடையாது. ஆகவே இமிடியட் விண்டோவில் ???? தெரிந்தாலும் மாறிக்குள் இருப்பது சரியான 'கிராமம்'தான். டிடிஎஃப்.நேமிலிருந்து (சுற்றில் வரும் டேபிளின் பெயர்) எடுத்து எஸ்கியூஎல் வரியில் ஒட்டினால் ஒழுங்காக ஓடும். சதுர அடைப்புக்குறி மட்டும் மறக்காதீர்கள்.

கோடில் பெயரை அடிக்காமல் இருப்பதே தீர்வு. ஃபிரண்ட்-எண்டில் ஒரு சின்ன உள்ளூர் டேபிள் வையுங்கள்: டேபிள் பெயர், வரிசை எண், முழுதா வடிகட்டியா, வடிகட்டும் நிபந்தனை. கோடு அதைப் படித்து வேலை செய்யட்டும். டேட்டாஷீட்டில் தமிழ் தாராளமாக அடிக்கலாம். கிளை முதலில், தாய் கடைசியில் என்ற வரிசையும் அதிலேயே அடங்கிவிடும்.

ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் டிர், கில், ஃபைல்காப்பி மூன்றும் காலை வாரும். ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்டைப் பயன்படுத்துங்கள், அது யூனிகோட் பாதையைப் புரிந்துகொள்ளும்.

எஸ்கியூஎல் சர்வரிலிருந்து எடுக்கும் தமிழ் ஃபீல்டுக்கு நீளத்தைக் குறைத்து அமைக்காதீர்கள். ஷார்ட் டெக்ஸ்டின் 255 என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்து அல்ல, குறியீடு. 'க' ஒன்று, 'கி' இரண்டு, 'கொ' இரண்டு, 'க்ஷ' மூன்று. யூனிகோட் கம்ப்ரெஷனும் தமிழுக்கு உதவாது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட் முழுதாகப் போகும்.

தறியடி

ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: களத்தில் பார்க்க மட்டுமா, பதியவுமா? பதிவதென்றால் இந்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்து மேலே எழுதிவிட முடியாது. இரண்டு லேப்டாப்பும் ஒரே ஆட்டோநம்பரைத் தரும். ஏசிசிடிபி வடிவத்தில் ரெப்ளிகேஷனும் (பிரதிகளை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் வசதி) கிடையாது. களப் பதிவுக்குத் தனி டேபிள் வைத்து, லேப்டாப் எண்ணும் உள்ளூர் வரிசை எண்ணும் சேர்ந்த கீ கொடுங்கள். திரும்பியதும் அந்த டேபிளை மட்டும் சர்வரில் சேருங்கள். மற்ற ஃபாரம்களில் அலோஎடிட்ஸ், அலோஅடிஷன்ஸ், அலோடெலீஷன்ஸ் மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.

லேப்டாப் தொலையவும் கூடும். காம்பேக்ட் செய்யும்போதே இலக்கின் லொகேல் இடத்தில் டிபிலாங்ஜெனரலோடு ';பிடபிள்யூடி=' (முன்னால் அரைப்புள்ளியோடு) என்று பாஸ்வேர்டை ஒட்டிவிட்டால் பிரதி பாஸ்வேர்டோடும் என்கிரிப்ஷனோடும் வரும். அப்போது ஃபிரண்ட்-எண்ட் லிங்கிலும் அதே பாஸ்வேர்டைச் சேர்க்க வேண்டும்.

படிவம்7

பூட்டு எண்ணிக்கை வரியை இரண்டாவது ஆக்ஸஸுக்கு மாற்றியதும் 2 லட்சமும் விழுந்துவிட்டன. பாஸ்-த்ரூ குவெரி 3 இருந்தன, தொங்கல் நின்றுவிட்டது. டேட்டைம்2 ஃபீல்ட் பழைய டிரைவரில் டெக்ஸ்டாகத்தான் வந்திருந்தது, லிங்கை மாற்றி மறுபடி எடுத்தேன். இப்போதைக்குப் பார்ப்பது மட்டும்தான். பட்டியல் டேபிள் முறைக்கு இன்று மாற்றுகிறேன்.