ஜிடி86 நடுவுல மூச்சு வாங்குது, குடுத்துட்டு ஜிஆர்86க்கு போயிடலாமா? அவசரம்

மலைவளைவு:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி. நேத்து டொயோட்டாவோட புது ஜிஆர்86 ஓட்டிப் பாத்தேன், இறங்கி வந்து அதோட பழைய மாடலான என் ஜிடி86ல ஏறினா காய்ச்சல்ல கிடக்குற ஆள் மாதிரி இருக்கு வண்டி. நடு ஆர்பிஎம்ல மிதிச்சா ஒன்னும் வரல, கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு அப்புறமா தான் போகுது, சில சமயம் லேசா வெட்டி வெட்டி போகுது. இது பழைய வண்டியோட குணமா, இல்ல ஏதாவது போச்சா? போச்சுன்னா சரி பண்றதா, அப்படியே குடுத்துட்டு புதுசு எடுக்குறதா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், எனக்காக நிறுத்தி வச்சிருக்காங்க.

நட்டுபோல்ட்டு:
எந்த வருஷ வண்டி? மேனுவலா ஆட்டோவா? எவ்ளோ கிலோமீட்டர் ஓடியிருக்கு? செக் இன்ஜின் லைட் எரியுதா? நடு ஆர்பிஎம்னு மொட்டையா சொன்னா எப்படி ப்ரோ, 7400 வரைக்கும் சுத்துற இன்ஜின் அது.

ஹாச்சிரோக்கு:
ஒன்னும் போகல, பயப்படாதீங்க. ஜிடி86ல இருக்குற எஃப்ஏ20 இன்ஜினுக்கு இந்த பள்ளம் உண்டு. சுமார் 3500லேர்ந்து 4500 வரைக்கும் டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை) இறங்கி மறுபடி ஏறும், கிராஃப் பாத்தா ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு குழி மாதிரி தெரியும். பழசுல உச்ச டார்க் 205 என்எம், அதுவும் 6400க்கு மேல தான் கிடைக்கும். புதுசுல 250 என்எம், 3700லயே கிடைச்சிடுது. அதாவது உங்க வண்டி எந்த இடத்துல குழியில இறங்குதோ, சரியா அதே இடத்துல புதுசு உச்சிக்கு வந்துடுது. ரெண்டையும் ஒரே நாள்ல ஓட்டினா பழசு செத்த மாதிரி தான் தெரியும். நல்ல ஹெட்டர் (இன்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற குழாய்) ஒன்னு போட்டு டியூன் பண்ணுங்க, குழி பாதி மூடிடும், வித்துடாதீங்க. என் வண்டில அப்படித்தான் பண்ணேன், நாலு வருஷமா ராஜா மாதிரி ஓடுது.

பாக்ஸர்மாமா:
இந்த கேள்விக்கு நானே பத்து தடவையாவது பதில் எழுதியிருக்கேன். தேடிப் பாக்குற பழக்கம் இப்ப யாருக்கும் கிடையாது, வந்ததும் "அவசரம்"னு தலைப்பு போட வேண்டியது. தம்பி, 86னா என்னன்னு முதல்ல புரிஞ்சிக்கணும். பழைய இன்ஜின்ல போர், அதாவது சிலிண்டர் அகலம் 86 மிமீ, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போற தூரமும் 86 மிமீ, சதுர இன்ஜின். அதை சுத்த விட்டு ஓட்டணும். மூணாவது கியர்ல 3500ல வச்சுக்கிட்டு மிதிச்சு மிதிச்சு பாத்தா அது என்ன பண்ணும், கியர் குறைங்க. வண்டில குறை இல்ல, வலது கால்ல இருக்கு.

நட்டுபோல்ட்டு:
மாமா, அவர் வெட்டி வெட்டி போகுதுன்னு சொல்லியிருக்கார். டார்க் பள்ளத்துல வண்டி வெட்டாது, சோம்பலா ஏறும் அவ்ளோ தான். ரெண்டும் வேற வேற.

நீலப்புகை:
என்ன பெட்ரோல் போடுறீங்க? 12.5க்கு 1 கம்ப்ரஷன், டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது ரொம்ப அதிகம். பெட்ரோல் டேங்க் மூடியோட உள்பக்கம் என்ன ஆக்டேன் எழுதியிருக்குன்னு பாருங்க. கம்மி ஆக்டேன் போட்டா நாக் ஆகும், அதாவது சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கும், நாக் சென்சார் பாத்துட்டு ஈசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) பிளக் பொறி விடுற டைமிங்கை பின்னாடி இழுத்துக்கும், வண்டி சப்புனு ஆயிடும். எனக்கு நூத்துக்கு நூறு இதான்னு தோணுது. ரெண்டு டேங்க் நல்ல பெட்ரோல் போட்டு ஓட்டிட்டு வந்து சொல்லுங்க.

சைடுவாங்கி:
யாரும் டயர் பத்தி பேசலையே. ஓட்டிப் பாத்த புது வண்டில 18 இஞ்ச் பைலட் ஸ்போர்ட் 4 இருந்துதா? பழசுல கம்பெனியே குடுத்தது 17 இஞ்ச் பிரைமசி, ப்ரியஸ் டயர்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களே அதே தான். கிரிப் கம்மியா இருக்கணும், வேகமில்லாமலே பின்பக்கம் விளையாடணும்னு தெரிஞ்சே போட்டது. புதுசுல பாடி முறுக்கு விறைப்பு பாதிக்குப் பாதி கூடியிருக்கு, டயரும் வேற, அதனால வளைவுல வர்ற நம்பிக்கையை இன்ஜின் கணக்குல எழுதிடாதீங்க.

மலைவளைவு:
சாரி, வேலைல மாட்டிக்கிட்டேன். 2014, மேனுவல், 96 ஆயிரம் கிமீ. லைட் எதுவும் எரியல. நல்ல பெட்ரோல் தான் எப்பவும். வெட்டுறது 3000க்கு மேல, மேடு ஏறும்போது நல்லா தெரியுது. வண்டி முழுக்க ஸ்டாக் தான், கம்பெனி குடுத்தபடியே, எதுவும் மாத்தல. டயர் பத்தி சொன்னது கரெக்ட், 18 இஞ்ச் தான் இருந்துச்சு.

பழையகிளட்ச்:
2018 நவம்பர்ல வால்வ் ஸ்பிரிங்கை மாத்த கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிட்ட ரீகால் ஒன்னு வந்துச்சே, அதுல உங்க வண்டி வருதா? இன்ஜினையே கீழ இறக்கி செய்யுற வேலை அது.

நட்டுபோல்ட்டு:
அது ஆரம்ப கால வண்டிகளுக்கு தான், 2014க்கு வராது. சேஸிஸ் நம்பர் போட்டு பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஸ்பார்க் பிளக் மாத்தினீங்களா? 96 ஆயிரம்னா முதல் செட்டே ஓடிக்கிட்டு இருக்கணும். பாக்ஸர் இன்ஜின்ல சிலிண்டர் ரெண்டு பக்கமும் படுத்திருக்கும், பிளக் பக்கவாட்டுல சேஸிஸ் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும், கைய விட இடம் இருக்காது, அதனாலேயே பல பேர் தள்ளிப் போட்டுடுவாங்க. அப்புறம் ஒரு ஓபிடி ரீடர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குற அளவுகளை படிக்கிற கருவி) வாங்கி மாட்டி லாங் டெர்ம் ஃபியூல் டிரிம், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுங்கற கணக்கு, எவ்ளோ காட்டுதுன்னு போடுங்க, வண்டி நிக்கும்போது ஐடில்ல ஒன்னு, மேட்டுல ஒன்னு.

டர்போதம்பி:
இதுக்கெல்லாம் காரணம் டர்போ இல்லாதது தான். 86க்கு இன்ஜின் குடுக்குற சுபாரு கிட்ட ஜிஆர்86ல இருக்குற அதே 2.4 லிட்டர் டர்போவோட டபிள்யூஆர்எக்ஸ்ல 271 குதிரைல இருக்கு. தூக்கி ஜிஆர்86ல போட்டிருந்தா இந்த இழையே வேண்டாம்.

பாக்ஸர்மாமா:
வந்துட்டார்யா. டர்போ போட்டா வெயிட் கூடும், சூடு கூடும், கியர்பாக்ஸ் பெருசு வேணும், பிரேக் பெருசு வேணும், மூக்கு கனமாகும், கடைசில கையில இருக்குறது 86 இல்ல, வேற ஏதோ ஒன்னு. பழசு 1240 கிலோ, புதுசு 1270 பக்கம். இன்ஜின் பெருசாகியும், பாடில அத்தனை இரும்பு சேத்தும் முப்பது கிலோவோட நிறுத்தினதுக்கு கூரையை அலுமினியத்துல பண்ணியிருக்காங்க. ஆனாலும் நான் பழசு தான்னு சொல்வேன். புதுசுல சத்தம் ஸ்பீக்கர்ல வருதுப்பா. ஸ்பீக்கர்ல! சினிமா பாக்கவா வண்டி வாங்குறோம்?

சைடுவாங்கி:
மாமா, உங்க பழசுல மட்டும் என்னவாம்? இன்டேக் சத்தத்தை எடுத்து டேஷ்போர்டு பின்னாடி கொண்டு வர ஒரு குழாயே வச்சிருக்காங்க. அது குழாய், இது ஸ்பீக்கர். ரெண்டும் ஒப்பனை தான்.

பாக்ஸர்மாமா:
குழாயில வர்றது நிஜ சத்தம். மூங்கில்ல ஊதுறதும் கீபோர்டுல புல்லாங்குழல் பட்டனை அமுக்குறதும் ஒன்னா?

ஹாச்சிரோக்கு:
இது நல்லாருக்கே 😂

பழையகிளட்ச்:
சத்தம் கிடக்கட்டும், புதுசு வாங்குறவர் ஆயில் விஷயத்தை தெரிஞ்சிக்கணும். ஜிஆர்86ல இருக்குற எஃப்ஏ24 இன்ஜின்ல நீளமான வலது வளைவுல ஆயில் பிரஷர் விழுதுன்னு கேஜ் மாட்டி காட்டினவங்க இருக்காங்க. அப்புறம் இன்ஜின் அடியில ஆயில் நிக்குற சம்ப்பை கழட்டி பாத்தா ஆயில் எடுக்குற சல்லடையில சீலன்ட் துணுக்கு, நூல் நூலா. ஜாயின்ட்ல பூசின பசை உள்பக்கமா பிதுங்கி, காஞ்சு, உதிர்ந்து வந்து அடையுது. இதெல்லாம் ஷோரூம்ல சொல்ல மாட்டாங்க.

நீலப்புகை:
பயமுறுத்தாதீங்க. பிரஷர் விழுந்ததெல்லாம் டிராக்ல, ஸ்லிக் மாதிரி ஒட்டுற டயர் போட்டு, வளைவுல ஆறேழு செகண்ட் ஒரே பக்கமா சாஞ்சு போறவங்களுக்கு. ரோட்டு டயர்ல அவ்ளோ ஜி வராது.

பழையகிளட்ச்:
சீலன்டுக்கு ரோடு டிராக்னு வித்தியாசம் தெரியுமா என்ன? பசை எங்க இருந்தாலும் பசை தான்.

நீலப்புகை:
எல்லா இன்ஜின்லயும் சல்லடை எதுக்கு இருக்கு? ரெண்டு துணுக்கு மாட்டிக்கிட்டா பிரஷர் போயிடுமா? போட்டோ பாத்து பாத்தே எல்லாரும் இன்ஜினியர் ஆயிட்டாங்க.

பழையகிளட்ச்:
நான் என் கையால சம்ப் கழட்டி பாத்தேன் சார், போட்டோ இல்ல. கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, ரெண்டு விரல் நடுவுல வச்சு நசுக்கினா ரப்பர் மாதிரி திரும்ப வந்துச்சு. வண்டி நல்லாதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஒத்துக்குறேன். ஆனா அதை பாத்தப்புறம் தூக்கம் வரல.

நட்டுபோல்ட்டு:
ரெண்டு பேரும் தனியா ஒரு இழை திறந்து சண்டை போடுங்களேன், இவருக்கு வெள்ளிக்கிழமை கெடு. மலைவளைவு, டிரிம் பாத்தீங்களா?

மலைவளைவு:
ரீடர் மாட்டினேன். ஐடில்ல பிளஸ் 2, 3. மேட்டுல 3000 தாண்டினா பிளஸ் 14, 15ன்னு ஏறுது. நல்லதா கெட்டதா?

நட்டுபோல்ட்டு:
அப்படி வாங்க வழிக்கு. பிளஸ்னா ஈசியு பெட்ரோல் பத்தலன்னு நினைச்சு கூட ஊத்துது. எங்கயாவது காத்து லீக் ஆனா ஐடில்ல தான் பிளஸ் அதிகமா இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற குறையும். உங்களுக்கு தலைகீழா இருக்கு, காத்து நிறைய போகும்போது தான் ஏறுது. அப்படின்னா ஒன்னு ஃபியூல் பம்ப் தளர்ந்திருக்கணும், இல்ல இன்ஜினுக்குள்ள போற காத்தை அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வர்ற காத்தை குறைச்சு சொல்லணும். 15ங்கறது லைட் எரியிற அளவுக்கு இல்ல, அதான் எரியல. கேக்க மறந்துட்டேன், ஏர் ஃபில்டர் கம்பெனி போட்டதா?

மலைவளைவு:
ஃபில்டர் மட்டும் போன வருஷம் மாத்தினேன், துவைச்சு திரும்ப போடுற டைப். எண்ணெய் தடவி போட்டேன். அது மாடிஃபிகேஷன்ல வராதுல்ல?

நட்டுபோல்ட்டு:
😑

ஹாச்சிரோக்கு:
"வண்டி முழுக்க ஸ்டாக் தான், எதுவும் மாத்தல." 🙏

நட்டுபோல்ட்டு:
எவ்ளோ எண்ணெய் தடவினீங்க? அந்த மாதிரி ஃபில்டர்ல கொஞ்சம் அதிகமா தடவிட்டா காத்து போற வேகத்துல எண்ணெய் பிரிஞ்சு போய் நேரா சென்சார்ல தான் உக்காரும். ஃபில்டர் பெட்டிய தாண்டின உடனே சென்சார் இருக்கும், ஸ்க்ரூவ கழட்டி மெதுவா மேல இழுங்க, கிளிப்பை உடைச்சிடாதீங்க. உள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு கம்பி தெரியும். அது சூடா இருக்கணும், காத்து பட்டு ஆறுற அளவை வச்சு தான் எவ்ளோ காத்து போகுதுன்னு கணக்கு போடுது. எண்ணெயும் தூசியும் போர்வை மாதிரி மூடிட்டா காத்து பட்டாலும் ஆறாது, அதனால காத்து கம்மின்னு நினைச்சுக்கும், பெட்ரோலும் கம்மியா ஊத்தும், லீனா, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம ஓடும், மேட்டுல வெட்டும். மாஸ் ஏர்ஃப்ளோ கிளீனர்னே தனியா ஸ்ப்ரே விக்குது, அதை தூர வச்சு பத்து தடவ அடிச்சு தானா காய விடுங்க. பிரேக் கிளீனர் அடிக்காதீங்க, துணி, பட்ஸ் எதுவும் தொடக்கூடாது. பழைய பேப்பர் ஃபில்டரை திரும்ப போடுங்க. அப்பவும் டிரிம் இறங்கலன்னா ஃபியூல் பம்ப் பக்கம் போவோம்.

நீலப்புகை:
நான் பெட்ரோல்னு சொன்னேன், கிட்டத்தட்ட சரி தானே, பெட்ரோல் கம்மியா தானே போகுது.

பாக்ஸர்மாமா:
ஃபில்டர்ல எண்ணெய் ஊத்திட்டு பழைய வண்டி சரியில்லன்னு புது வண்டி பாக்கப் போனாராம். நான் முதல்லயே சொன்னேன் வண்டில குறை இல்லன்னு.

சைடுவாங்கி:
மாமா நீங்க வலது கால்ல குறைன்னு சொன்னீங்க.

டர்போதம்பி:
டர்போ இருந்திருந்தா இதை உணர்ந்திருக்கவே மாட்டார்.

நட்டுபோல்ட்டு:
தம்பி, டர்போல மாஸ் ஏர்ஃப்ளோ கெட்டா இன்னும் வேடிக்கையா இருக்கும். பிஸ்டன் உடையிற சத்தத்துல உணர்ந்திருப்பார்.

(நாலு நாளுக்கு அப்புறம்)

ஹாச்சிரோக்கு:
வெள்ளிக்கிழமை போய் திங்கக்கிழமையே ஆயிடுச்சு. மலைவளைவு இருக்கீங்களா? ஆளையே காணோம்.

பழையகிளட்ச்:
புது வண்டில ஆயில் பிரஷர் பாத்துக்கிட்டு இருப்பார்.

மலைவளைவு:
சாரி சாரி. கம்பி முழுக்க பிரவுன் கலர்ல பசை பசையா இருந்துச்சு. சுத்தம் பண்ணி பேப்பர் ஃபில்டர் போட்டேன், டிரிம் இப்ப பிளஸ் 4. வெட்டு சுத்தமா போச்சு. 4000ல அந்த சோம்பல் மட்டும் லேசா இருக்கு, அது ஹாச்சிரோக்கு சொன்ன பள்ளம் போல. சனிக்கிழமை திரும்ப ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். புதுசு இன்னும் வேகம் தான், ஆனா முன்ன மாதிரி மலைக்கும் மடுவுக்கும் இல்ல. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன், இப்போதைக்கு. பிளக் மாத்தணும். நட்டுபோல்ட்டு அண்ணா ரொம்ப நன்றி.

நட்டுபோல்ட்டு:
நல்லது. பிளக் மாத்தும்போது பேட்டரியை கழட்டி வெளிய எடுத்துடுங்க, கைக்கு கொஞ்சம் இடம் கிடைக்கும். பொறுமையா பண்ணுங்க.

டர்போதம்பி:
நிறுத்தி வச்சிருந்த அந்த புதுசு என்ன கலர்? மேனுவல் தானே? யாராவது எடுத்துட்டாங்களா?