1,500 கிலோ கேரவன் இழுக்க எந்தப் பிக்கப்? வி-கிராஸா, ஹைலக்ஸா?

மஞ்சக்குப்பம்_31:
வணக்கம். ஒற்றை ஆக்சில் கேரவன் டிரெயிலர் ஒன்று பேசி முடித்திருக்கிறோம். காலி எடை 1,100 கிலோ, சாமான் எல்லாம் ஏற்றினால் 1,500 வரை போகலாம். ஓவர்ரன் பிரேக் (வண்டி வேகம் குறையும்போது டிரெயிலர் முன்னே தள்ளும் அழுத்தத்தில் தானே பிடிப்பது) உண்டு. வண்டி கடலூரில் நிற்கும். ஓட்டம் ஈ.சி.ஆர்., ராமேசுவரம், எப்போதாவது ஏற்காடு. பெரியவர்கள் நாலு பேர். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், இல்லாவிட்டால் பழைய பொலிரோ கேம்பர். மூன்றில் எது சரி? ஷோரூமில் "மூணரை டன் தாராளமா இழுக்கும் சார்" என்கிறார்கள். இன்னொரு சந்தேகம்: பின் பம்பரிலேயே ஹூக் வெல்டிங் செய்து தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். அது தாங்குமா?

பெண்ணையாறு_டீசல்:
மூணரை டன் என்பது ஆஸ்திரேலியா, ஐரோப்பாவில் இந்த வண்டிகளின் சில வேரியன்ட்களுக்குக் கொடுத்திருக்கும் அளவு, அதுவும் டிரெயிலரில் பிரேக் இருந்தால். பிரேக் இல்லாவிட்டால் அங்கேயும் 750 கிலோதான். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்டின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் இன்சூரன்ஸில் செல்லாது.

உங்களுக்கு இழுவை பிரச்சினையே இல்லை. வி-கிராஸின் 1.9 லிட்டர் இஞ்சின் 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். சமதரையில் 1,500 கிலோவை அலட்டாமல் இழுக்கும். சிக்கல் வண்டி சுமக்க வேண்டிய எடையில்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்:

நாலு பேர் 280 கிலோ. டிரெயிலரின் மூக்கு (முன்முனை) வண்டியில் அதை மாட்டும் பந்தின் மேல் அழுத்துவது, மொத்த எடையில் பத்து சதவீதம் என்றால் 150. ஹிட்ச் (பந்தைத் தாங்கும் இரும்புச் சட்டம்) 35. பின்னால் மூடி, பெட்டி, ஐஸ்பாக்ஸ் என்று 50. மொத்தம் 515 கிலோ.

இப்போது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் அனுமதித்த மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். வருகிற எண்தான் உங்கள் உச்சவரம்பு. இங்கே விற்கும் சொகுசு இரட்டை கேபின் பிக்கப்புகளில் அது 515-ஐ எட்டுவது கஷ்டம். வாங்குவதற்கு முன் அதே வேரியன்ட் ஆர்.சி. நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூடுதல் பட்டை வில் போட்டால் பின்பக்கம் நிமிரும். அனுமதித்த எடை ஒரு கிலோகூட ஏறாது.

கேம்பர் சுமை நன்றாகத் தாங்கும். ஆனால் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். மலையில் முதல் கியரிலேயே ஏற வேண்டியிருக்கும். சரக்கு வண்டிப் பதிவு என்பதால் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) தொடர்ந்து எடுக்க வேண்டும். குடும்பப் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

வில்லியனூர்_வயரிங்:
பம்பரில் ஹூக் கண்டிப்பாக வேண்டாம் சார். பம்பர் தாங்கியின் தகடு இந்த இழுப்புக்கானது அல்ல. குழியில் இறங்கி ஏறும்போது வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டுவிடும். ஹிட்ச் இரண்டு பக்கச் சேசிஸ் ரெயிலிலும், கம்பெனி விட்டிருக்கும் துளைகளில், 10.9 கிரேடு போல்ட்டில் உட்கார வேண்டும். ரெயிலில் வெல்டிங் வைக்காதீர்கள். 50 மி.மீ. பந்து, அதன் கீழே குறுக்காக இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, தனியே பிரேக்அவே கேபிள் (டிரெயிலர் கழன்றால் அதன் பிரேக்கை இழுக்கும் கம்பி). கேபிளைப் பந்தில் மாட்டாமல் ஹிட்ச் வளையத்தில் மாட்டுங்கள். பந்தே கழன்றாலும் டிரெயிலர் பிரேக் பிடிக்கும்.

வயரிங்கில் டெயில் லைட் வயரை வெட்டி ஒட்டுகிற வேலை கூடாது. பி.எஸ்.6 வண்டியில் கண்ட்ரோல் யூனிட் பல்பின் கரண்டையும் கவனிக்கும், எல்லாம் குழம்பிவிடும். ரிலே பெட்டி வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி லைன் எடுங்கள். 7 பின் சாக்கெட்டில் 3-ஆம் பின் எர்த், வெள்ளை வயர். அதற்கு 2.5 சதுர மி.மீ., மற்றவைக்கு 1.5. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கினால் பல்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். நம்ம கடற்கரையில் ஒரு மழைக்காலத்திலேயே பின்கள் பச்சை பூத்துவிடும். சாக்கெட்டின் மூடி ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், பின்னில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

மஞ்சக்குப்பம்_31:
நன்றி இருவருக்கும். கேரவனை சாமானோடு எடை மேடையில் ஏற்றினேன், 1,380 கிலோ. மூக்கு எடையும் பார்த்தேன், 60 கிலோ. குறைவாக இருப்பது நல்லதுதானே, வண்டிக்குச் சுமை மிச்சம்?

பெண்ணையாறு_டீசல்:
இல்லை சார், இதுதான் ஆபத்து. 60 என்பது நாலரை சதவீதம்கூட இல்லை. பின்பாரம் அதிகமான டிரெயிலர் 70, 80 வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும். ஈ.சி.ஆரில் பஸ் பக்கத்தில் உரசிக்கொண்டு போனாலே அந்தக் காற்று போதும். பத்து சதவீதம், அதாவது 138-க்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் அளவு சரிதானா என்று பாருங்கள். எடை மேடை ஐந்து, பத்து கிலோ படிகளில்தான் காட்டும். வீட்டு எடை மெஷின் போதும். மூன்றடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல் மேல் குழாய், மறுபக்கம் மெஷின் மேல் குழாய், இரண்டின் மேலும் ஒரு உறுதியான மரச்சட்டம். செங்கல் பக்கத்திலிருந்து ஓரடியில் மூக்கை இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. சட்டத்தின் எடையை முதலில் கழித்துவிடுங்கள். டிரெயிலர் சமமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். கனமான பேட்டரி எங்கே இருக்கிறது?

மஞ்சக்குப்பம்_31:
இன்வெர்ட்டர் பேட்டரி 55 கிலோ, ஆக்சிலுக்குப் பின்னால் 2 மீட்டரில். கேஸ் சிலிண்டர் 30 கிலோ, பின்னால் ஒன்றரை மீட்டர். ஆக்சிலிலிருந்து பந்து வரை 3.5 மீட்டர்.

பெண்ணையாறு_டீசல்:
அப்போ சரிசெய்வது லேசு. பேட்டரியை ஆக்சிலுக்கு முன்னால் 1 மீட்டரில் வையுங்கள். 3 மீட்டர் நகர்வு, 55-ஆல் பெருக்கினால் 165, அதை 3.5-ஆல் வகுத்தால் 47 கிலோ. சிலிண்டரை முன்பெட்டிக்கு, 2.5 மீட்டரில்: 4 மீட்டர், 30 கிலோ, வகுத்தால் 34. 60 + 47 + 34 = 141. முன்பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை அவசியம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். தண்ணீர்த் தொட்டியை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்புங்கள். 100 லிட்டர் 100 கிலோ.

மீறி ஆட்டம் வந்தால் பிரேக்கை அமுக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

அரியாங்குப்பம்_அக்கா:
ஏற்காடு பற்றி யாரும் எழுதவில்லையே. 20 கொண்டை ஊசி வளைவு. ஹைலக்ஸ் 5.3 மீட்டர், அதோடு கேரவன் என்றால் 10 மீட்டருக்கு மேல். எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் போக வேண்டும். இறக்கத்தில் ஓவர்ரன் பிரேக் விடாமல் தேய்ந்து டிரம் சுடும். இரண்டாம் கியர், இடையிடையே நிறுத்தி ஆற விடுவது. சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக் இழுக்கக் கூடாது, கட்டைதான். என்னைக் கேட்டால் கேரவனை சேலத்தில் நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மட்டும் மேலே கொண்டுபோகலாம். 70 வளைவு கொல்லிமலையை யோசிக்கவே வேண்டாம். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுமே பார்ட்-டைம் 4×4 (தேவைப்படும்போது மட்டும் போடும் நாலு சக்கர இழுவை), காய்ந்த தார் ரோட்டு வளைவில் அதைப் போடாதீர்கள்.

டிரெயிலருக்குத் தனிப் பதிவு வேண்டும். ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது ஐகேட் (வண்டிகளைச் சோதிக்கும் அமைப்புகள்) சான்று இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்று இங்கே பதிவுசெய்து கடலூரிலேயே வைத்திருந்தால், 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும்.

மஞ்சக்குப்பம்_31:
ஏற்காட்டை விட்டுவிட்டோம். அப்போ வி-கிராஸ் போதுமா?

பெண்ணையாறு_டீசல்:
நாலு பேர் 280, மூக்கு 141, ஹிட்ச் 35: மொத்தம் 456. ஆர்.சி. கழித்தலில் அது அடங்குகிற வண்டிதான் உங்கள் வண்டி. அடங்கினால் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் என் தேர்வு. 500 நியூட்டன் மீட்டர், 1,600 சுற்றிலேயே வந்துவிடும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச் கருகும் கவலையும் இல்லை. இரண்டு பேர் மட்டும் போவதானால் 140 கிலோ குறையும். அப்போது வி-கிராஸையும் அதே கழித்தலில் பார்த்துவிட்டு எடுக்கலாம். எதை எடுத்தாலும் பிக்கப்பின் பின்தொட்டி (சாமான் ஏற்றும் பகுதி) காலியாகத்தான் இருக்க வேண்டும். வேகம் 80-க்குள். முதல் ஓட்டத்தில் 50 கி.மீ. தாண்டியதும் நிறுத்தி டிரெயிலர் நட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் ஒட்டுகிறது. அங்கேயே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.