உணவு உறைகளின் ‘பேரியர் கோட்டிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பேக்கேஜிங் பாடநூலை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 12 மைக்ரான் பிஇடி (பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக்) ஃபிலிமை வெற்றிடக் கலத்துக்குள் சுருளிலிருந்து சுருளுக்கு ஓடவிட்டு, ஹெக்சாமெத்தில்டைசிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மத்தின் ஆவியையும் ஆக்சிஜனையும் பிளாஸ்மாவில் (அயனியாக்கப்பட்ட வாயுவில்) சிதைத்து, சிலிக்கான் ஆக்சைடை அதன்மேல் படியவைக்கிறார்கள். தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். அதற்கே ஆக்சிஜன் ஊடுருவல் பல மடங்கு குறைந்துவிடுகிறது. வாயுவைத் தடுக்கும் இந்தப் ‘பேரியர் கோட்டிங்’கைப் ‘படலம்’ என்று எழுதினேன். ஆனால் ஃபிலிமுக்கும் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறோம். ‘படலத்தின்மேல் படலம்’ என்று வருகிறது. வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘அரண்’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு? உயர்வு, அகலம், திண்மை, அருமை என அரணுக்கு நான்கு இலக்கணம் சொல்கிறது குறள். இந்தப் பூச்சுக்கு உயரம் இல்லாவிட்டாலும் அருமை உண்டு, அதாவது பகை எளிதில் புக முடியாது. மண் + குடம் மட்குடம் ஆவதுபோல, அரண் + பூச்சு ‘அரட்பூச்சு’. பிளாஸ்மாவுக்கு ‘மின்மம்’. ஆக, ‘மின்மவழி அரட்பூச்சு’.

கல்லூரி ஆசிரியை:
ஐயா, மட்குடம் மண்ணால் ஆகிய குடம். அது வேற்றுமை. இதுவோ அரணாகிய பூச்சு, அல்வழி. நன்னூல்படி இயல்பாகத்தான் புணரும், ‘அரண்பூச்சு’ என்றே எழுதலாம்.

தமிழாசிரியர்:
அரணுக்கான பூச்சு என்று விரித்தால் நான்காம் வேற்றுமை, அம்மா. இரண்டுக்கும் இடம் உண்டு.

ஆலைப் பொறியாளர்:
இலக்கணத்தில் தலையிட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ‘அரட்பூச்சு’ என்றால் என் லைனில் நிற்கும் தம்பிகள் யாருக்கும் புரியாது. தவிர, அரண் என்றால் முழுக் காப்பு என்று நினைத்துவிடுவார்கள். இந்தப் பூச்சு எதையும் முழுசாக நிறுத்துவதில்லை. ஃபிலிமில் ஒட்டிய தூசு, சிறு மேடு இருக்கும் இடங்களில் ஊசித்துளை விழும், வாயு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். சரி, தடிமனைக் கூட்டலாமே என்றால் மடிக்கும்போது விரிசல் விடும். மாணவன் கற்க வேண்டியது இதைத்தான். ‘தடுப்புப் பூச்சு’ போதும்.

வேறொரு உறுப்பினர்:
‘பூச்சு’ சரியா? பூசுவது என்றால் குழைவாக ஒன்று வேண்டும். இது ஆவியிலிருந்து படிவது. ‘படிவு’ என்கலாமே?

ஆசிரியை:
‘படிவு’ என்றதும் மாணவர் ஆற்றுப் படிவைத்தான் நினைப்பார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினோமே, புளி உலோகத்தைத் தொடாமல் இருக்க. அதுவும் உணவைக் காக்கும் மெல்லிய தடுப்புதான். ‘பூச்சு’ அந்தப் பொருளில் நம் வீடுகளில் பழகிய சொல்.

அதே உறுப்பினர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘படலம்’ என்பதை ஃபிலிமுக்குத் தாரைவார்த்துவிடாதீர்கள். வேலி இடைவெளியை அடைக்க முள்ளாலும் ஓலையாலும் கட்டி வைப்பார்களே, அந்தப் ‘படல்’தான் இதன் வேர் என்பது என் துணிபு. தடுப்பு என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. படர், படாம், படை எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தனியாக எழுதுகிறேன்.

தமிழாசிரியர்:
‘படலம்’ வடமொழி ‘படல’த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. படலை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

குழு நிர்வாகி:
வேர்ச்சொல் விவாதத்தைத் தனி இழையில் தொடருங்கள். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. ஃபிலிமுக்குப் ‘படலம்’, கோட்டிங்குக்குத் ‘தடுப்புப் பூச்சு’ என்று போடுகிறேன், பெரும்பாலானோர் அதைத்தான் சொல்கிறீர்கள். பிளாஸ்மா அப்படியே இருக்கட்டும். ‘அரண்பூச்சு’ சொல்லடைவில் மாற்றுச்சொல்லாக வரும்.

தமிழாசிரியர்:
சொல்லடைவில் ‘மின்மம்’ சேருங்கள். ரத்தத்துக்கும் ‘பிளாஸ்மா’, இதற்கும் ‘பிளாஸ்மா’ என்றால் படிக்கிற பிள்ளை குழம்பாதா? ‘தடுப்புப் பூச்சு’க்கு என் உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பொறியாளர்:
ஊசித்துளைக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘நுண்துளை’ வேண்டாம். 4ஆம் அதிகாரத்தில் காய்கறிப் பைகளில் வேண்டுமென்றே இடும் துளைக்கு அதைத்தான் வைத்திருக்கிறீர்கள்.