கிராமங்களின் தேவைகளைக் கணக்கெடுக்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில கிராமங்களில் மக்களின் சமூக, பொருளாதார, உடல்நலத் தேவைகளைக் கணக்கெடுக்கும் சிறு குழுவில் இருக்கிறேன். முன்னோட்டமாகச் சில வீடுகளுக்குப் போனதிலேயே திணறிவிட்டோம்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் சொல்ல வரவில்லை. விவசாயத்திலும் தினக்கூலியிலும் மாத வருமானம் என்று ஒன்று கிடையாதே. அதனால் செலவைக் கேட்கலாம் என்று நினைக்கிறோம்: சாப்பாட்டுக்குக் கடந்த 7 நாள், மருத்துவத்துக்கும் கடனுக்கும் கடந்த 12 மாதம். இந்தக் கால அளவு சரிதானா? அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நிற்கும்போது கடனைப் பற்றி எப்படிக் கேட்பீர்கள்?

அப்புறம், ஆண்கள் முன்னால் பெண்கள் வாயே திறக்கவில்லை. தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் தண்ணீருக்கு நடக்கும் தூரமும், பிரசவத்துக்கு வண்டி கிடைக்காததும் வெளியே வந்தன. இதைத் தவறவிட்டிருப்போமே என்று நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

தடுப்பூசிக் கணக்கெடுப்புக்காக உருவான முறை ஒன்று உண்டு: 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள். கடன், வேலை பற்றிய கேள்விகளுக்கும் அது பொருந்துமா?

6 முதல் 59 மாதக் குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கப்போகிறோம். 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அப்படி ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு, தாளில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர எனக்கு மனம் வராது. அன்றே சிகிச்சைக்கு அனுப்ப நீங்கள் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தீர்கள்?

பயன்படுத்திய கேள்வித்தாள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.