சேஸா, சீவெலா? டிராஃப்டில் யாரை முதலில் எடுப்பது

நாலாவது டவுன்:
என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, அது பற்றிய இன்னொரு திரியில் டெட்ராய்ட் மாமா சாவகாசமாக இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "முதல் சுற்றில் லைன்மேனை எடு, ரிசீவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் சேஸை விட்டுவிட்டு சீவெலை எடுத்திருந்தால் சூப்பர் பௌல் கோப்பை அவர்களுக்குத்தான்." (லைன்மேன் முன்னால் நின்று எதிரணியை மறிப்பவர், ரிசீவர் பந்தைப் பிடிப்பவர், சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்.) இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அங்கேயே பதில் போட்டால் மாடரேட்டர் கோபிப்பார். அதனால் தனித் திரி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2020 நவம்பரில் எங்கள் பெங்கால்ஸ் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜோ பர்ரோவின் முழங்கால் கிழிந்தது. அடுத்த ஏப்ரல் டிராஃப்டில் எங்களுக்கு 5வது தேர்வு. பர்ரோவைக் காப்பாற்ற டாக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) பெனய் சீவெலை எடுங்கள் என்று ஊரே சொன்னது. அணி எடுத்ததோ ஜமார் சேஸை, கல்லூரியில் பர்ரோவின் பந்துகளைப் பிடித்த ரிசீவரை. சீவெல் 7வது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். சேஸ் முதல் வருடமே 1,455 யார்டு, 13 டச்டவுன். 2022 பிப்ரவரி 13 அன்று சூப்பர் பௌலில் நின்றோம். ராம்ஸ் அணியிடம் 23-20 என்று தோற்றோம்.

இப்போது மாமாவுக்கு ஒரே ஒரு கேள்வி. கடைசி நிமிடம், நாலாவது டவுன் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நாலு முயற்சியில் கடைசி), வேண்டியது ஒரு யார்டு. ராம்ஸின் ஏரன் டொனால்ட் பாய்ந்து பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினார், பந்து தரையில் விழுந்தது. டொனால்ட் யாரைத் தாண்டி வந்தார்? இடது கார்டு (டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) குவிண்டன் ஸ்பெயினை. கார்டு! டாக்கிள் இல்லை. எங்கள் அணிக்கு வந்திருந்தால் சீவெல் ஆடியிருக்கப் போவது வலது டாக்கிள். அந்தப் பிளேயில் அவர் என்ன செய்திருப்பார், வேடிக்கை பார்த்திருப்பாரா?

டெட்ராய்ட் மாமா:
என் ஒரு வரிக்குத் தனித் திரியா? பாக்கியம்.

ஒரு பிளேயைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, அதே ஆட்டத்தில் பர்ரோ 7 முறை சாக் ஆனது (பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டது) நினைவில்லையா? அதற்கு முன்பு டென்னசியில் 9 முறை. அந்த சீசன் முழுக்க, பிளேஆஃபையும் சேர்த்து 70 முறை கீழே விழுந்தார் அந்தப் பையன். முழங்கால் அறுவை முடிந்து வந்தவனை 70 முறை தள்ளவிட்டுவிட்டு, "பாருங்கள் எங்கள் ரிசீவரின் யார்டை" என்கிறீர்கள்.

நாலாவது டவுன்:
கேள்வி கார்டு பற்றியது. பதில் எங்கே?

டென்னசியில் 9 சாக் வாங்கியும் 19-16 என்று ஜெயித்தோம் என்பதை ஏன் சொல்லவில்லை? லைன் ஓட்டையாக இருந்தும் ஜெயித்தோம் என்றால் ஜெயிக்க வைத்தது யார்?

மூணு பாயிண்ட் முருகன்:
கிக்கர். 😄

நிஜமாகவே சொல்கிறேன். டென்னசியில் கடைசி 52 யார்டு கிக் போட்டு ஜெயிக்க வைத்தவர் எவன் மெக்ஃபெர்சன். அந்தப் பிளேஆஃபில் 14 கிக்குக்கு 14. அவரும் 2021 டிராஃப்ட்தான், 5வது சுற்று. அந்த டிராஃப்டில் பெங்கால்ஸ் செய்த புத்திசாலித்தனமான வேலை அது ஒன்றுதான். சூப்பர் பௌலில் எல்லோரும் இடைவேளைக்கு உள்ளே போனபோது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கச்சேரி பார்த்தார். அந்த நெஞ்சுரம் டாக்கிளிடம் உண்டா, ரிசீவரிடம் உண்டா?

பந்து பாண்டி:
ஐயா, சண்டைக்கு முன் ஒரு விளக்கம் வேண்டும். 'முன்னுரிமை' என்று எதைச் சொல்கிறீர்கள்? அந்த வருடம் அணியில் ஓட்டையாக இருக்கும் இடத்தையா, எந்த அணியாக இருந்தாலும் மதிப்பு கூடுதலாக இருக்கும் இடத்தையா? முதலாவது என்றால் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது என்றால் சம்பளக் கணக்கும் பார்க்க வேண்டும். இதைத் தீர்க்காமல் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

நாலாவது டவுன்:
மாமா இன்னும் கார்டு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும்.

டெட்ராய்ட் மாமா:
சொல்கிறேன், கேளுங்கள். வலது டாக்கிளாக அன்று நின்றவர் ஐசாயா பிரின்ஸ். ரைலி ரீஃப் காயம் பட்டதால் உள்ளே வந்தவர். அவர் பக்கம் எப்போது உடையுமோ என்ற பயத்திலேயே உங்கள் பிளாக்கிங் திட்டம் முழுவதும் ஓடியது. அங்கே சீவெல் நின்றிருந்தால் அவரை ராம்ஸின் வான் மில்லரோடு தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் டொனால்ட் மேல் சாய்ந்திருக்கலாம். ஐந்து பேரும் சேர்ந்து நிற்பதுதான் லைன், ஐந்து தனித்தனித் தூண்கள் இல்லை. அந்த ஆட்டத்தில் மில்லருக்கும் 2 சாக், டொனால்டுக்கும் 2 சாக். மில்லரும் கார்டு வழியாகத்தான் வந்தாரா?

இன்னொன்று. அந்தக் கடைசி பிளே சாக்கே இல்லை, இன்கம்ப்ளீட் பாஸ் (யாரும் பிடிக்காத பந்து). ஏழில் அது சேராது. ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாலாவது டவுன்:
சாக் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள். "பந்து தரையில் விழுந்தது" என்றுதான் எழுதினேன். கண்ணாடி மாற்றவும்.

"சாய்ந்திருக்கலாம்", "விட்டுவிட்டு". எல்லாம் லாம், லாம். நடந்தது என்ன? டொனால்ட், கார்டு, தரை. 2017இலும் இதே போல 'லாம்' போட்டுத்தான் பேசினீர்கள். குவாட்டர்பேக்கில் மஹோம்ஸைவிட ட்ரூபிஸ்கியே சிகாகோவுக்கு நல்லது என்று இதே தளத்தில் பக்கம் பக்கமாக எழுதியவர் யார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

டெட்ராய்ட் மாமா:
அதை எத்தனை வருடம் சொல்லிக் காட்டுவீர்கள்? சிகாகோ நிர்வாகமே அப்படித்தானே நினைத்தது! 2வது இடத்தில் அவரை எடுத்தார்களே, என்னைக் கேட்டா எடுத்தார்கள்?

ஸ்டீலர்ஸ் சிவா:
பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் அணி மூன்று சூப்பர் பௌல் போய் மூன்றிலும் தோற்றது. இன்னொருவர் அணி சூப்பர் பௌலை டிவியில்தான் பார்த்திருக்கிறது. இவர்கள் இருவரும் கோப்பை வாங்குவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு கோப்பை இருக்கிறது, துடைக்க ஆள் வேண்டும்.

டெட்ராய்ட் மாமா:
2017 ஜனவரிக்குப் பிறகு பிளேஆஃபில் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு வாருங்கள், தம்பி. தாத்தா கட்டிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது யாருக்கும் சுலபம்.

கொலம்பஸ் கலா:
நானும் பெங்கால்ஸ் ரசிகைதான், ஆனால் இந்த விஷயத்தில் மாமா பக்கம். நாலாவது டவுன் சார் ஒன்றை வசதியாக மறக்கிறார். அதே 2021 டிராஃப்டில் டெட்ராய்ட் 7வது இடத்தில் சீவெலை எடுத்தது, 112வது இடத்தில் ஆமன்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தது. டாக்கிளும் கிடைத்தார், முதல்தர ரிசீவரும் கிடைத்தார். அவ்வளவு ஏன், நம்மைத் தோற்கடித்த ராம்ஸில் ஆட்ட நாயகன் யார்? கூப்பர் கப். 2017இல் மூன்றாவது சுற்று, 69வது ஆள். நல்ல ரிசீவரைப் பின்னால்கூடப் பிடிக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அன்று ராம்ஸின் இடது டாக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த், 40 வயது. அவரை 2006இல் டிராஃப்ட் செய்ததே நாம்தான். 2017இல் போகவிட்டோம். நம் பழைய டாக்கிள், நம் கண் முன்னாலேயே கோப்பையைத் தூக்கினார். எனக்கு அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நாலாவது டவுன்:
கலா மேடம், 'பின்னால் பிடிக்கலாம்' என்றால் டாக்கிளையும் பிடிக்கலாமே? ஈகிள்ஸின் ஜோர்டன் மைலாட்டா 2018இல் 233வது ஆள். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். இன்று கோப்பையோடு இருக்கிறார்.

லைனில் காசு போடவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2015இல் முதல் சுற்று ஓக்புவாஹி, இரண்டாவது சுற்று ஃபிஷர். இருவரும் டாக்கிள். 2018 முதல் சுற்றில் சென்டர் (லைனின் நடுவில் நிற்பவர்) பில்லி பிரைஸ். 2019 முதல் சுற்றில் ஜோனா வில்லியம்ஸ். ஐந்து வருடத்தில் நாலு பேர்! கோயில் உண்டியல் மாதிரி போட்டுக்கொண்டே இருந்தோம், வரம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வரிசையில் ஐந்தாவதாக சீவெலைப் போட்டிருந்தால் அவரும் என்ன ஆகியிருப்பாரோ, யார் கண்டது?

கொலம்பஸ் கலா:
மேடம் எல்லாம் வேண்டாம். சீவெல் 2023, 2024 இரண்டு வருடமும் ஆல்-புரோ (லீக்கின் சிறந்தவர்கள் பட்டியல்) முதல் அணி. அவரை பில்லி பிரைஸோடு சேர்க்கிறீர்களே, மனசாட்சி உண்டா? நம்மவர்கள் ஆள் தேர்வு செய்யத் தெரியாதவர்கள் என்பதற்கு நீங்களே பட்டியல் கொடுத்துவிட்டு, அதனால் அந்த இடமே வேண்டாம் என்கிறீர்கள். செயின்ட் பிரவுன் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தேன்.

நாலாவது டவுன்:
செயின்ட் பிரவுன் நல்ல ஆட்டக்காரர், யார் இல்லை என்றது. ஆனால் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன், மூன்றிலும் 2024இல் லீக்கில் முதலிடம் பிடித்தவர் யார்? சேஸ்.

டெட்ராய்ட் மாமா:
அதே 2024இல் உங்கள் அணி 9-8 (வெற்றி-தோல்வி), பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எங்கள் அணி 15-2.

நாலாவது டவுன்:
15-2 எடுத்துவிட்டு சொந்த மைதானத்தில் வாஷிங்டனிடம் 45 பாயிண்ட் வாங்கியது யார், மாமா? 2024இல் எங்கள் ஓட்டை டிஃபென்ஸ். அதற்கும் சீவெல்தான் மருந்தா? கார்னர்பேக்காகவும் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) ஆடுவாரா?

டெட்ராய்ட் மாமா:
ஆடினாலும் ஆடுவார். 2022இல் வைக்கிங்ஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் பந்தைப் பிடித்து ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தவர் அவர். டாக்கிள்! உங்கள் சேஸ் ஒரு நாளாவது டிஃபென்சிவ் எண்டை (ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் எதிரணி ஆளை) மறித்திருக்கிறாரா?

நாலாவது டவுன்:
அவர் ஏன் மறிக்க வேண்டும்? அந்தக் கடைசி பிளேயையே மறுபடி போட்டுப் பாருங்கள். ராம்ஸின் ஜேலன் ராம்ஸி கால் தடுமாறி விழ, சேஸ் அந்தப் பக்கம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால் கோப்பை எங்களுக்கு.

கொலம்பஸ் கலா:
அந்த ஒரு விநாடியை யார் தருவது சார்? லைன்.

டெட்ராய்ட் மாமா:
🙏🙏🙏 இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

நாலாவது டவுன்:
லைன் என்றால் கார்டு! நான் முதல் பதிவிலிருந்து இதைத்தானே சொல்கிறேன்? கார்டை 5வது இடத்தில் யாரும் எடுப்பதில்லை, இரண்டாவது சுற்றில் எடுப்பார்கள். நாங்களும் எடுத்தோம், ஜாக்சன் கார்மன், 46வது ஆள். அவர் சொதப்பினார், அது வேறு கதை. அந்த இடத்தில் கிரீட் ஹம்ஃப்ரி அப்போதும் காலியாக இருந்தார். 63வது இடத்தில் கேன்சஸ் சிட்டி அள்ளிக்கொண்டு போனது. தப்பு 46இல் நடந்தது, 5இல் நடக்கவில்லை.

மூணு பாயிண்ட் முருகன்:
ஹம்ஃப்ரி சென்டர், கார்டு இல்லை. 😄

நாலாவது டவுன்:
முருகா, நீ கிக்கரைப் பற்றி மட்டும் பேசு.

ஓடுகாலி:
இவ்வளவு நேரமாக நாலாவது டவுனையே பேசுகிறீர்கள், அதற்கு முந்தைய மூன்றாவது டவுனை யாரும் தொடவில்லை. அப்போதும் ஒரு யார்டுதான் வேண்டும். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜோ மிக்சனை வெளியே உட்காரவைத்துவிட்டு சமாஜே பெரைனிடம் பந்தைக் கொடுத்தார்கள். அங்கேயும் டொனால்ட் பிடித்தார், ஒரு இஞ்ச் நகரவில்லை. மிக்சன் உள்ளே இருந்திருந்தால் நாலாவது டவுனே வந்திருக்காது. ரன்னிங் பேக் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். டிராஃப்டில் மதிப்பில்லை, சம்பளத்தில் மதிப்பில்லை, கடைசி நிமிடத்தில் ஆளையே மாற்றுகிறார்கள்.

ஸ்டீலர்ஸ் சிவா:
மிக்சனாக இருந்தாலும் டொனால்டுக்குத் தீனிதான். சும்மா இரு.

ஓடுகாலி:
ஈகிள்ஸ் சேகுவான் பார்க்லியை வைத்து என்ன செய்தது என்று பார்த்தீர்களா இல்லையா? 2024இல் 2,005 யார்டு, கூடவே கோப்பை.

கொலம்பஸ் கலா:
அதே பார்க்லியை 2018இல் 2வது இடத்தில் எடுத்த ஜயன்ட்ஸ் அந்த வருடம் 5-11. ஆள் அதே ஆள்தான். மாறியது முன்னால் நிற்கும் லைன். ஓடுகாலி, நீங்களும் எங்கள் கட்சிதான், உங்களுக்கே தெரியவில்லை.

ஓடுகாலி:
நான் எந்தக் கட்சியும் இல்லை. மிக்சனை ஏன் உட்காரவைத்தார்கள் என்பதற்கு மட்டும் பதில் வேண்டும்.

பந்து பாண்டி:
நான் கேட்ட விளக்கம் அப்படியே கிடக்கிறது.

டெட்ராய்ட் மாமா:
என் சங்கடம் யாருக்கும் புரியாது. அன்று உங்களைத் தோற்கடித்த குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்ட். 12 வருடம் எங்கள் மண்ணில் அடிவாங்கியவர். ராம்ஸுக்கு அனுப்பிய முதல் வருடமே கோப்பை. ஒழுங்கான லைன் வைத்து அவரைக் காப்பாற்றியிருந்தால்... விடுங்கள். லைன் லைன் என்று நான் அடித்துக்கொள்வது அந்த வயிற்றெரிச்சலில்தான்.

நாலாவது டவுன்:
அழுகை எல்லாம் சரி. ஸ்டாஃபர்டைப் பின்னாலிருந்து காப்பாற்ற 2016 முதல் சுற்றில் டாக்கிள் டெய்லர் டெக்கரை எடுத்தீர்களே, கோப்பை வந்ததா? வரவில்லை. அப்போ டாக்கிளால் கோப்பை வராது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

டெட்ராய்ட் மாமா:
எங்கே ஒப்புக்கொண்டேன்??? வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். போன சீசன் ஃபேன்டஸி லீகிலும் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் ஆடும் கற்பனை அணிப் போட்டி) இதையேதான் செய்தீர்கள். "சரி யோசிக்கிறேன்" என்று நான் சொன்னதை டிரேடுக்குச் சம்மதம் என்று கமிஷனரிடம் போய்ச் சொன்னவர் நீங்கள்.

நாலாவது டவுன்:
"சரி" என்றால் சரிதான். ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, போடட்டுமா?

மூணு பாயிண்ட் முருகன்:
போடுங்க போடுங்க.

டெட்ராய்ட் மாமா:
போடுங்களேன், அதில் "யோசிக்கிறேன்" என்பதையும் வெட்டாமல் போடுங்கள். லீகுக்கான நுழைவுப் பணம் நீங்கள் இன்னும் கட்டவில்லை என்பது அதற்கு அடுத்த வரியிலேயே இருக்கும்.

நாலாவது டவுன்:
பணத்துக்கும் இந்தத் திரிக்கும் என்ன சம்பந்தம்? கார்டு கேள்விக்குப் பதில் இல்லாததால் பேச்சை மாற்றுகிறார். டொனால்ட் வந்தது கார்டு வழியாக. மறுபடி சொல்கிறேன், கார்டு வழியாக.

கொலம்பஸ் கலா:
நான் அந்த லீகில்தான் இருக்கிறேன். சார், எனக்கும் இரண்டாம் பரிசுப் பணம் வரவேண்டும். யார் கட்டவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.