புதுப்பிப்பு: மகன் காதுமடலில் வந்த வெள்ளைக் கட்டி, கால்சியம் படிவுதான்

மகன் காதுமடலில் கெட்டியாக ஒரு வெள்ளைக் கட்டி, மருவுக்குக் கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். "எடுத்துப் பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்புங்க" என்ற அண்ணாச்சிக்கு நன்றி, அதுதான் வழிகாட்டியது.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் காட்டினோம். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட் இரண்டும் சரியான அளவில்தான் இருந்தன. அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். வெட்டும்போது சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிர்ந்ததாம். பயாப்சியில் வைனர் முடிச்சு என்று வந்தது: தோலின் மேலடுக்குக்குக் கீழே கால்சியம் படிவது, புற்று இல்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முகத்திலோ காதிலோ ஒன்றே ஒன்றாக வருமாம்.

எதிர்பாராத விஷயம், பாலை நிறுத்த வேண்டியதில்லையாம். ஆச்சிதான் டம்ளரை ஒளித்து வைத்திருந்தாள்! கட்டிகள் பல இடத்தில் இருந்து, தசைச் சோர்வும் கண்ணிமையில் ஊதாத் தடிப்பும் சேர்ந்தால் டெர்மட்டோமயோசைட்டிஸாக (தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி நோய்) இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.