மறு: ஆற்றோடு கடலுக்குப் போகும் நிலத்துக் கரிமத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

தரையிலிருந்து ஆற்றோடோ இடியும் கரையோடோ கடலுக்குப் போய்ச் சேரும் கரிமப்பொருளை, அதாவது கார்பன் அடங்கிய உயிரிகளின் மிச்சத்தை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நிலம்சார் கரிமப்பொருள், நிலப்பிறப்புக் கரிமப்பொருள், நிலவரத்துக் கரிமப்பொருள். மூன்றாவது நான் சொன்னது. அதில் முன்பாதியை மாற்றிவிட்டு ‘வரத்து’ என்பதை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஏனென்றால் அந்தப் பொருள் கடலில் என்னவெல்லாம் ஆகிறது என்று பார்க்காமல் சொல்லை மட்டும் நிறுத்துப் பார்த்தால் மறுபடியும் அகராதிச் சண்டையில்தான் போய் நிற்போம்.

> நிலவரத்து என்று படித்ததும் ‘நாட்டு நிலவரத்துக்கு ஏற்ப’ என்பதுதான் நினைவுக்கு வருகிறது. நிலவரம் + அத்து என்றுதான் யாரும் பிரிப்பார்கள்.

முழுக்கச் சரி. எழுதும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. அதனால் ‘தரைவரத்து’ என்று மாற்றுகிறேன். தரைப்படை, கடற்படை என்கிறோம், தரைவழி, கடல்வழி என்கிறோம். கடலுக்கு எதிர்ப்பக்கம் எது என்று கேட்டால் தமிழில் முதலில் வந்து நிற்பது தரைதான். ‘கடல்தரை’ என்று கடலின் அடிமட்டத்தையும் சொல்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே ‘கடல்’ என்ற முன்சொல் சேர்ந்தால்தான் அந்தப் பொருள் வருகிறது, தனியாகத் தரை என்றால் யாரும் கடலடியை நினைப்பதில்லை.

இனி ‘வரத்து’ ஏன் என்பதற்கு வருகிறேன். எடுத்துக்காட்டுக்குக் கனடாவின் மெக்கன்சி ஆற்றையே வைத்துக்கொள்வோம், நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

வட முனைக் கடல் (ஆர்க்டிக்) உலகக் கடல்நீரில் ஏறத்தாழ 1 சதவீதம்தான், ஆனால் உலக ஆறுகள் கொண்டுவரும் நீரில் 10 சதவீதத்துக்கு மேல் அதில்தான் போய் விழுகிறது. எனிசேய், லேனா, ஓப், கோலிமா, யூக்கான், மெக்கன்சி ஆகியவை பெரியவை (யூக்கான் மட்டும் பெரிங் கடலில் விழுந்து அங்கிருந்து வடக்கே போகிறது). இந்த ஆறுகள் ஓடிவரும் நிலத்தில் பெரும்பகுதி உறைநிலம், அதாவது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். வடக்கின் உறைநிலப் பகுதி மண்ணில் 1.3 முதல் 1.6 லட்சம் கோடி டன் வரை கார்பன் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள், அது காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த மண் இளக இளக அதிலிருந்து எவ்வளவு ஆற்றில் இறங்குகிறது, இறங்கியது கடலில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. கரைந்த வடிவில் மட்டும் ஆண்டுக்கு 3.4 கோடி டன் கார்பன் இப்படிப் போகிறது.

மெக்கன்சி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் மேற்பகுதியில் பனி உருகி வெள்ளம் கிளம்பும்போது டெல்டா இன்னும் உறைந்து கிடக்கிறது, அதற்கு அப்பால் வட முனைக் கடலின் ஒரு பகுதியான பியூஃபோர்ட் கடலும் உறைந்து கிடக்கிறது. மே கடைசியில், ஜூனில் வெள்ளம் வந்து இந்தப் பனியை முட்டுகிறது. கொஞ்சம் நீர் கடல்பனிக்கு மேலேறிப் பரவுகிறது, கொஞ்சம் அடியில் நுழைகிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கடலடியைத் தொடும் அளவுக்கு மேடாகி நிற்கும். அதற்கு ஸ்டாமுகா என்று பெயர், ரஷ்யச் சொல். அணைபோல அது நிற்பதால் குளிர்காலம் முழுக்க ஆற்றின் நன்னீர் பனிக்கு அடியில் தேங்கி ஒரு ஏரியே உருவாகிவிடுகிறது, ஹெர்லின்வோ ஏரி என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். உப்புநீரின் மேல் மிதந்து, கோடையில் காணாமல் போகும் ஏரி! இதைப் படித்த அன்று வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

ஆண்டு முழுக்க ஆறு கொண்டுபோகும் கரைந்த கரிமத்தில் பெரும் பங்கு இந்தச் சில வாரங்களிலேயே போய்விடுகிறது. ஆனால் அந்த நாட்களில் ஆற்றிலும் இறங்க முடியாது, பனியிலும் நடக்க முடியாது. எனவே முன்பெல்லாம் மாதிரிகள் பெரும்பாலும் கோடையின் பிற்பகுதியில்தான் எடுக்கப்பட்டன. அவற்றை வைத்துப் பார்த்தபோது உப்பு ஏற ஏறக் கரிமம் ஒரே நேர்கோட்டில் குறைவதாகத் தெரிந்தது, அதாவது கடல்நீரோடு கலந்து நீர்த்துப்போகிறதே தவிர அழிவதில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். 2003 முதல் மேலே சொன்ன ஆறு பெரிய ஆறுகளிலும் ஒரே முறையில், வெள்ளக் காலத்திலும் பனிக்கு அடியிலும் சேர்த்து மாதிரி எடுக்கத் தொடங்கிய பிறகு கதை மாறியது. வெள்ளத்தோடு வருவது இளசு; போன ஆண்டின் இலையும் பாசியும் ஊறிய சாறு போன்றது, நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் தின்றுவிடுகின்றன. கோடைக் கடைசியில் வருவது ஏற்கெனவே தின்று மிஞ்சியது.

இங்கேதான் ‘நிலப்பிறப்பு’ என்ற சொல் எனக்கு இடிக்கிறது. மெக்கன்சி ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் வண்டலைக் கொண்டுவருகிறது, வட முனை ஆறுகளில் இதுதான் அதிகம். அந்த வண்டலில் ஒட்டிக்கொண்டு வரும் கரிமம் எங்கே பிறந்தது? ஒரு பகுதி சென்ற கோடையின் புல்லும் வில்லோ இலையும். ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டு உறைநிலத்தில் கிடந்தது. இன்னொரு பகுதி மலையில் இருக்கும் களிப்பாறையிலிருந்து அரித்து வந்தது, கோடிக்கணக்கான ஆண்டு பழையது, அந்தப் பாறையே ஒரு காலத்தில் கடலடியில் படிந்ததுதான்! கடலில் பிறந்து பாறையாகி மலையேறி இப்போது ஆற்றோடு இறங்கி வருவதை நிலப்பிறப்பு என்று எப்படிச் சொல்வது? வரத்து என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எங்கே பிறந்திருந்தாலும் சரி, இந்த முறை வந்தது தரையிலிருந்து, அவ்வளவுதான் அந்தச் சொல் உறுதி சொல்கிறது. நீர்வரத்து, வரத்துக்கால், சந்தையில் காய்கறி வரத்து என்று எல்லோருக்கும் தெரிந்த சொல், விளக்கமே வேண்டாம்.

> ஆற்றில் வருவதற்கு வரத்து பொருந்தும். கரை இடிந்து நேராகக் கடலில் விழுவதற்கு?

அதற்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். வட முனைக் கரைகள் சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டர் பின்வாங்குகின்றன, யெடோமா எனப்படும் பனி நிறைந்த பழைய மண் இருக்கும் கரைகளில் அதைவிட வெகு வேகம். ரஷ்யாவில் லேனா டெல்டாவுக்குக் கிழக்கே டிக்சி என்ற ஊர் அருகில் இருக்கும் முவோஸ்தாக் தீவு கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறது. யெடோமாவில் இருப்பது மாமத யானைகள் மேய்ந்த காலத்துப் புல்லும் வேரும். இத்தனை பழையது மட்காமலா இருக்கும் என்று தோன்றும். ஆனால் கோலிமா கரையில் யெடோமா இளகி ஓடிய நீரை எடுத்து வைத்துப் பார்த்தபோது அதில் கரைந்திருந்த கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு இரண்டே வாரத்தில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிப் போய்விட்டது. பழசு என்றால் கெட்டியானது என்று நாம் நினைப்பது இங்கே தப்பு, உறைந்து கிடந்ததால்தான் அது அப்படியே இருந்தது. ஆற்றுவரத்து, கரைவரத்து என்று பிரிக்கலாமே என்று முதலில் யோசித்தேன், ஆனால் ‘கரை’ என்பதற்குக் கரைதல் என்ற பொருளும் இருப்பதால் கரைந்த கரிமத்தைப் பேசும் இடத்தில் அது பெருங்குழப்பம். ஆற்றுவரத்து, கரையரிப்பு வரத்து என்று வைத்தால் போதும்.

‘நிலம்சார்’ பற்றி ஒரு வரி. சார்ந்தது என்றால் அங்கேயே இருப்பது போலத் தொனிக்கிறது. இந்தப் பொருளோ எங்கெங்கோ போகிறது. மரமும் புல்லும் தண்டை நிமிர்த்தி வைக்க லிக்னின் என்ற பொருளைச் செய்கின்றன, கடலின் மிதவைப் பாசிகள் செய்வதில்லை. ஆகவே கடல்நீரில் லிக்னின் கிடைத்தால் அது தரையிலிருந்து வந்தது என்று நம்பலாம். சைபீரிய ஆறுகளின் லிக்னின் வட முனையைக் கடந்து கிரீன்லாந்தின் கிழக்குக் கரை நீரோட்டத்தில்கூடக் கிடைக்கிறது. கரையிலிருந்து இத்தனை தொலைவு போனதை நிலம்சார் என்று எப்படிச் சொல்ல?

அப்புறம் கரிமமா, சேதனமா என்ற பழைய வழக்கு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கரிமப்பொருள், இலங்கைப் புத்தகங்களில் சேதனப் பொருள். ‘கரிமம்’ ஒரு காலத்தில் கார்பனையே குறித்ததால் ‘கரிமக் கார்பன்’ என்று எழுதும்போது நமக்கே கொஞ்சம் கூசுகிறது, ‘சேதனக் காபன்’ அந்த வகையில் தெளிவு. இதை இங்கே தீர்க்க வேண்டாம். தரைவரத்துக் கரிமப்பொருள், தரைவரத்துச் சேதனப் பொருள் என்று இரண்டோடும் முன்சொல் ஒட்டிக்கொள்கிறது, அது போதும்.

இதோடு சேர்ந்து வரும் துணைச்சொற்களில் இரண்டுக்கு மட்டும் கருத்துச் சொல்கிறேன். ஆற்றுநீர் உப்பைத் தொட்டதும் அதில் மிதந்த நுண்துகள்களில் ஒரு பகுதி ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்குகிறது. இதற்குப் ‘படிவாக்கம்’ வேண்டாம், படிவது அடுத்த கட்டம். பால் திரிகிறது என்கிறோமே, அந்தத் ‘திரிதல்’ கூழ்மங்களுக்கு (நீரில் படியாமல் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களுக்கு) பாடநூலிலேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். திரிந்து இறங்கியதும் நிரந்தரமாக அங்கேயே கிடப்பதில்லை, இலையுதிர் காலப் புயலில் ஆழமில்லாத கடலடி கலங்கி மறுபடி மேலே வருகிறது, மறுபடி கொஞ்சம் சிதைகிறது.

இரண்டாவது, நீருக்குத் தேயிலைச் சாயம் தரும் கரைந்த பொருள். 1930களில் ஜெர்மானியர் கூர்ட் கல்லே இதற்கு கெல்ப்ஷ்டோஃப், அதாவது மஞ்சள் பொருள், என்று பெயரிட்டார். அதைத் தமிழில் அப்படியே வைத்தால் மளிகைக்கடை நினைவு வரும். என் பரிந்துரை ‘கறைப்பொருள்’. வாழைக்கறை, மாங்காய்க்கறை என்று செடியின் சாறு விடும் சாயத்தைத்தான் நாம் கறை என்கிறோம், இங்கேயும் பெரும்பாலும் செடிச் சாறுதான். செயற்கைக்கோள் பார்ப்பது இந்தக் கறையைத்தான். கோடையில் இருபத்துநான்கு மணி நேரமும் வெயில் அடிக்கும்போது கறை வெளுக்கிறது, கொஞ்சம் கரியமில வாயுவாகிறது, மீதி சின்ன மூலக்கூறுகளாக உடைந்து நுண்ணுயிர்க்கு இரையாகிறது. துணியில் கறை வெயிலில் வெளுப்பது போலவே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கறை என்றால் களங்கம் என்ற பொருளும் இருப்பது தெரியும், இருந்தாலும் மஞ்சளைவிட இது மேல்.

கடைசியாக ஒன்று, இதுதான் ‘வரத்து’மேல் எனக்குப் பிடிவாதம் வரக் காரணம். மெக்கன்சி டெல்டா கடற்கரையில் வாழும் இனுவியாலுயிட் மக்களின் மொழியில் ‘நுனதார்யுக்’ என்றொரு சொல், நிலத்திலிருந்து கடலுக்கு என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் நடத்திய உறைநிலக் கரை ஆய்வுத் திட்டத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள். அந்த மக்கள் இதை ஒரு பயணமாகப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல்லிலும் அந்த அசைவு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆக, முன்மொழிவது: தரைவரத்து, திரிதல், கறைப்பொருள். பனியுடைந்து வரும் அந்த வசந்த வெள்ளத்துக்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை. ‘பனியுருகு வெள்ளம்’ உருகுவதை மட்டும் சொல்கிறது, பனி வெடித்து நகர்வதைச் சொல்லவில்லை. ‘புதுப்புனல்’ அழகு, ஆனால் அது மழையைச் சொல்வது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், என் மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.